கீசர் ஏன் அணைகிறது?

மதுரையில் வெயிலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் மார்கழிக் காலையில் காளவாசல் பக்கம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சிலிர்த்துவிடும்! அதைச் சூடாக்கச் சில வீடுகளில் கேஸ் கீசர் வைத்திருக்கிறார்கள். அது திடீரென்று மக்கர் பண்ணும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

இந்தக் கீசருக்குள் தண்ணீர் தேங்குவதில்லை. ஓடிக்கொண்டே சூடாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டரை 20 டிகிரி உயர்த்த 504 கிலோஜூல் ஆகும். 2 கிலோவாட் மின்சார ஹீட்டர் ஒரு நிமிடத்தில் தருவது 120 கிலோஜூல்தான். கேஸ் கீசருக்குள் எரிவது எவ்வளவு பெரிய நெருப்பு என்று இப்போது புரிகிறதா?

தண்ணீர் ஓடாமல் இந்த நெருப்பு எரிந்தால், தண்ணீர் ஓட வேண்டிய செம்புக் குழாய் கெட்டுவிடும். அதனால் தண்ணீர் நுழையும் இடத்திலேயே ஒரு ரப்பர் சவ்வு காவல் காக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடினால் சவ்வின் இரு பக்கமும் அழுத்தம் வேறுபடும். சவ்வு வளைந்து ஒரு கம்பியைத் தள்ளும். கேஸ் வழி திறக்கும், பேட்டரியால் 'டக் டக்' என்று பொறி பறக்கும். ஓட்டம் குறைந்தால் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பும், நெருப்பு அணையும்.

கீசர் அணைகிறது என்றால் பல நேரம் கோளாறு கீசரில் இருக்காது, தண்ணீரின் அழுத்தத்திலோ ஓட்டத்திலோ இருக்கும். தொட்டி ஒரு மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் 0.1 பார் கூடும். கீழ்வீட்டில் நன்றாக எரியும் கீசர், தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியில் எரியாமல் போவது இதனால்தான். ஷவர் துளை அடைத்தாலும், உள்ளே போகும் வழியில் உள்ள சல்லடையில் மண் சேர்ந்தாலும் இதே கதைதான். இன்னொன்று: சுடுகிறதே என்று பச்சைத் தண்ணீரை நிறையக் கலந்தால், கீசர் வழியே ஓடும் தண்ணீர் குறைந்து அது அணைந்துவிடும். கேஸ் குமிழைத் திருகிச் சூட்டைக் குறைப்பதே சரி.

பொறியே வரவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பொறி வந்தும் பற்றவில்லையா? சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். பற்றிய சில நொடிகளில் அணைகிறதா? இது சுவையான கோளாறு. நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும்! நெருப்புக்குள் நீட்டிய ஒரு கம்பி வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் 'நெருப்பு இருக்கிறது' என்று கருவி நம்பும். கம்பியில் கரி படிந்தால் நம்பாமல் கேஸை மூடிவிடும்.

எரிந்தும் சூடு போதவில்லை என்றால் போர் தண்ணீரைச் சந்தேகப்படலாம். அந்த உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாகக் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் இருப்பதும் அதுதான். அதைக் கொஞ்சம் சுரண்டி எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். கிளம்பும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு.

இவை எல்லாம் தொல்லைதான், ஆபத்தில்லை. தண்ணீர் நன்றாகச் சுடும்போதே நடக்கும் கோளாறு ஒன்று உண்டு, அதற்குத்தான் பயப்பட வேண்டும். நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் உள்ளே கரித்துகள்கள் தகதகக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைக் காட்டி விளக்கியது இதைத்தான். கேஸ் நெருப்பு இப்படி எரிந்தால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சன்னல் அடைத்த குளியலறையில் நீல நெருப்புகூடக் காற்றைத் தீர்த்துவிட்டு இந்த வாயுவைத் தரும். இந்தியாவில் இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

கீசரை நீங்கள் கழற்றாதீர்கள், அது மெக்கானிக் வேலை. குளிக்கும்போது தலை வலித்தாலோ சுற்றினாலோ உடனே வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தால், அதை வெளிச்சுவருக்கு மாற்றும்வரை அம்மா அப்பாவை விடாதீர்கள்.