பாதையைத் திறக்கும் பனிவீசி

தமிழில் ‘பனி’ என்பது பல பொருள் தரும் சொல். மார்கழி மாத விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனி. எதிரே வருபவரை மறைக்கும் மூடலும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனியே. முதல் இரண்டும் கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும். வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து நிலத்தில் படியும் வெண்பனியோ அவ்வாறு மறைவதில்லை. கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி, இளவேனில் வரும்வரை நிலத்தை மூடியிருக்கும். அத்தனை மாதங்களும் அங்குள்ள சிற்றூர் மக்கள் தம் வீட்டுப் பாதையை எவ்வாறு திறந்து வைக்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கியூபெக்கின் சிற்றூர்களில் வீடுகள் நெருக்கமாக அமைவதில்லை. பண்ணை வீடு ஒன்று பொதுச்சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். பொதுச்சாலையில் விழும் பனியை அகற்றுவது அரசின் பொறுப்பு. வீட்டுக்குச் செல்லும் பாதையைத் துப்புரவாக்குவது வீட்டாரின் பொறுப்பு. பாதை மூடப்பட்டால் பண்ணையில் கறந்த பாலை ஏற்றிச் செல்லும் வண்டி உள்ளே வர இயலாது. குழந்தைகள் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தை அடைய இயலாது. முதியவர் ஒருவர் நோயுற்றால் மருத்துவ ஊர்தி சாலையிலேயே நின்றுவிடும். ஆகவே பனியை அகற்றுவது அங்கே உயிர்காக்கும் பணியாகும்.

புதிதாக விழுந்த பனியைக் கையில் அள்ளினால் எடையே இல்லாதது போல் தோன்றும். அத்தோற்றம் உண்மையன்று. 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாதையில் 30 செ.மீ. உயரத்துக்குப் பனி விழுந்திருப்பதாகக் கொள்வோம். அதன் கன அளவு 90 கன மீட்டர். ஒரு கன மீட்டர் புதுப்பனி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை இருக்குமானால், அப்பாதையில் கிடக்கும் பனியின் எடை 9,000 கிலோகிராம். அதாவது 9 டன். காற்றால் அழுந்தி இறுகிய பனியாயின் இதனைப்போல் மூன்று மடங்கும் இருக்கலாம். மண்வாரியால் ஒருவர் அகற்றக்கூடிய அளவா இது?

பனியை அகற்ற இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று, வண்டியின் முன்னே பொருத்திய அகன்ற இரும்புத் தகடு. இது பனியைத் தள்ளி ஓரத்தில் ஒதுக்கும். வேலை விரைவாக முடியும். ஆனால் ஒதுக்கிய பனி எங்கும் சென்றுவிடுவதில்லை. பனி பொழியுந்தோறும் பாதையின் இருபுறமும் கரைகள் உயரும், பாதை குறுகும். அன்றியும், காற்று அடித்துவரும் பனி, உயர்ந்த கரைகளின் மறைவில் வேகம் குறைந்து பாதையிலேயே விழுந்து நிறையும். மற்றொன்று பனிவீசி. இது பனியை ஓரத்தில் ஒதுக்குவதில்லை. வாரியெடுத்துத் தொலைவில் வீசிவிடுகிறது. எனவே கரை உயர்வதில்லை. அடுத்த பொழிவுக்கும் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டு வயல்களில் ரோட்டவேட்டர் கொண்டு மண்ணைப் பொடியாக்கும் டிராக்டரைப் பலரும் கண்டிருப்பர். டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் தண்டு ஒன்று அக்கருவியின் கத்திகளை இயக்குகிறது. உழவர்கள் அதனைப் பி.டி.ஓ. என்பர். அதே தண்டே பனிவீசியையும் இயக்குகிறது. அது பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை சுழலும்.

பனிவீசியின் முகப்பில் திருகாணிபோல் முறுக்கிய இரும்புத் தகடு ஒன்று கிடைமட்டமாகச் சுழல்கிறது. அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர்த் திசையில் முறுக்கப்பட்டிருப்பதால், இருபுறத்துப் பனியும் நடுவே வந்து சேரும். நடுவில் உள்ள விசிறி அப்பனியை வாங்கி, மேல்நோக்கிய ஒரு குழாயின் வழியே விரைந்து வீசும். குழாயைத் திருப்பினால் பனி விழும் திசை மாறும். குழாயின் வாயைத் தாழ்த்தினால் பனி அருகில் விழும்.

இதனை இயக்குவதற்குப் பழக்கம் வேண்டும். டிராக்டர் மெல்ல ஊர வேண்டும். சுழல்தண்டோ முழுவேகத்தில் சுழல வேண்டும். எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் விசிறியும் தளர்ந்து, பனி குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆகையால் ஓட்டுநர் எஞ்சினின் வேகத்தைக் குறைக்காமல், தாழ்ந்த கியரில் டிராக்டரைச் செலுத்துவார். கருவி பின்புறம் பொருத்தப்பட்டிருப்பின், கழுத்தைத் திருப்பியபடி பின்னோக்கியே செல்ல வேண்டும். காற்று வீசும் திசையிலேயே பனியை எறிய வேண்டும். எதிர்த்து எறிந்தால் அது அவர் முகத்துக்கே திரும்பி வரும். பனி மூடியபின் பாதையின் ஓரம் தெரியாது. ஆதலால் குளிர்காலம் தொடங்குமுன்பே இருபுறமும் கோல்களை நட்டு வைப்பர்.

பனிக்கடியில் கல்லோ மரக்கட்டையோ கிடந்து, சுழலும் தகட்டில் சிக்கினால் என்ன ஆகும்? விலை உயர்ந்த பற்சக்கரங்கள் உடைந்துவிடும் அல்லவா? அதனைத் தடுப்பதற்காகவே, தகட்டையும் தண்டையும் இணைக்கும் இடத்தில் மென்மையான உலோகத்தாலான சிறிய ஆணி ஒன்றைப் பொருத்தியுள்ளனர். அளவுக்கு மீறிய விசை வரும்போது முதலில் அவ்வாணி முறியும், தகடு நின்றுவிடும், எஞ்சிய உறுப்புகள் தப்பும். அடிக்கடி முறிகிறதே என்று அவ்விடத்தில் வலிய ஆணியைப் பொருத்துபவர், சில ரூபாயைக் காப்பாற்றி இயந்திரத்தையே இழப்பார்.

இயந்திரத்தைக் காக்க ஆணி உண்டு. மனிதரைக் காப்பது எச்சரிக்கை மட்டுமே. ஈரப்பனி குழாயில் அடைத்துக்கொள்ளும்போது, கையை விட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றும். அவ்வொரு நொடி அவசரத்தால் விரல்களை இழந்தோர் உண்டு. சுழல்தண்டின் இயக்கத்தைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாச் சுழற்சியும் அடங்கியபின் ஒரு கோலால் மட்டுமே அடைப்பை நீக்க வேண்டும். தொங்கும் கழுத்துத்துணி சுழல்தண்டில் சிக்கினாலும் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகில் துண்டும் சேலைத்தலைப்பும் தொங்கவிட்டு நிற்கலாகாது என்பதும் இதனாலேயே.

பனிவீசிக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. கியூபெக்கில் 1876ஆம் ஆண்டு பிறந்த ஆர்தர் சிகார்டு, பால் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பனியால் பாதை மூடப்படும்போது பாலை நகருக்கு அனுப்ப இயலாத துன்பத்தை இளமையிலேயே அறிந்தவர். வயலில் கதிரடிக்கும் இயந்திரம் இயங்குவதைக் கண்ட அவருக்கு, அதுபோலவே பனியையும் வாரி வீசலாமே என்னும் எண்ணம் தோன்றியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1925ஆம் ஆண்டில் தம் பனிவீசியை உருவாக்கினார்.

இம்முறை நம் நாட்டிலும் பயன்படுகிறது. ஸ்ரீநகரையும் லேவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், 3,528 மீட்டர் உயரத்தில் உள்ளது சோஜிலா கணவாய். முன்னர் ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் பனியால் மூடிக் கிடந்த வழி இது. 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு, தள்ளும் இயந்திரங்களையும் வீசும் இயந்திரங்களையும் கொண்டு இச்சாலையைத் திறக்கிறது. 2023ஆம் ஆண்டில் 68 நாள்களே மூடியிருந்த இக்கணவாய், மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. காஷ்மீரின் பக்கமிருந்து ஒரு குழுவும் லடாக்கின் பக்கமிருந்து ஒரு குழுவும் பனிச்சரிவின் அச்சத்துக்கிடையே பனியை அகற்றிக்கொண்டு வரும். இரு குழுவினரும் எதிரெதிரே வந்து சந்திக்கும் நாளில், காய்கறியும் மருந்தும் ஏற்றிய வண்டிகளுக்கு வழி பிறக்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. பனியை ஓரத்தில் தள்ளுவதற்கும் தொலைவில் வீசுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 50 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 20 செ.மீ. உயரத்துக்குப் புதுப்பனி விழுந்துள்ளது. அதன் எடையைக் கணக்கிடுக.
3. முறிவதற்கென்றே ஓர் ஆணியைப் பொருத்துவது ஏன்?
4. நீங்கள் வாழும் ஊரில் மழை, மணல், பனி ஆகியவற்றால் வழி அடைபடுவது உண்டா? அதனை யார், எவ்வாறு திறக்கின்றனர் என்று பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.