தாபரிப்புப் பணமும் காப்புறுதிப் பணமும்

பெற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்தல் பெற்றோரின் கடன். அக்கடனை மனமுவந்து ஆற்றாதவரை ஆற்றச் செய்வது சட்டத்தின் பொறுப்பு. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச் சட்டம் இப்பொறுப்பை நூறாண்டுக்கு மேல் வகித்தது. பின்னர் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. போதிய வசதியிருந்தும் பிள்ளையைப் பேணாதவர் மாதந்தோறும் இன்ன தொகை செலுத்த வேண்டும் என்று நீதவான் கட்டளையிடலாம். முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு வழக்குகளைக் காதி நீதிமன்றங்கள் விசாரித்து வந்துள்ளன.

கட்டளை பெறுவதோடு துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. பணம் கைக்கு வரவேண்டுமே! செலுத்தத் தவறினால் நிலுவையைத் தண்டப்பணம் போல அறவிடலாம், சிறைத்தண்டனையும் விதிக்கலாம். மாதச் சம்பளக்காரராயின் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை நோக்குவோம். துறைமுகத்திலும் சீனக்குடாவின் ஆலைகளிலும் மாதச் சம்பளம் பெறுவோர் உளர். அவர்களிடம் அறவிடுதல் கூடும். ஆனால், படகோட்டி மீன்பிடிப்போரும், நாட்கூலிக்குச் சுமை தூக்குவோரும், மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் உளர். இவர்களுடைய வருவாய்க்குச் சம்பளப் பட்டியல் இங்கே ஏது? மாதங்கள் செல்லச் செல்ல நிலுவை வளர்கின்றது, பிள்ளையும் வளர்ந்துவிடுகின்றது.

இத்தகையவருக்கு ஒருநாள் விபத்தின் பொருட்டுக் காப்புறுதிப் பணம் மொத்தமாகக் கிடைக்கின்றது என்று கொள்வோம். அதிலிருந்து நிலுவையை எடுக்கலாகாதா? அமெரிக்காவில் இதற்கு ஒரு முறை ஏற்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் தாபரிப்பு நிலுவைக்காரரின் விவரங்களைக் காப்புறுதிக் கம்பனிகளின் கோரிக்கை விவரங்களோடு ஒப்பிட நடுவண் அரசுக்கு இடமளித்தது. பெயர் பொருந்தினால் மாநில அலுவலகம் கம்பனிக்கு அறிவித்தல் அனுப்பும். கம்பனி நிலுவையை அலுவலகத்துக்குச் செலுத்தி, எஞ்சியதைக் கோரியவருக்குக் கொடுக்கும். சில மாநிலங்களில் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது கம்பனிகளின் கட்டாயக் கடமையாகும்.

இலங்கையின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இம்முறை இல்லை. ஆகையால் பணம் வந்த செய்தி தாயின் செவிக்கு எட்டுமுன் அது செலவாகிவிடக்கூடும். அன்றியும், எல்லாப் பணமும் ஒரு தன்மையதன்று. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் நட்டஈட்டைக் கடனுக்காகப் பற்றுவதற்குத் தடை உண்டு. கை இழந்த தொழிலாளியின் எஞ்சிய வாழ்வுக்கு அதுவே ஆதாரம் என்பது அத்தடையின் நோக்கம். தொழிலாளி இறந்துபட்டாலோ நிலைமை வேறு. அப்போது நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிடப்பட்டு, தங்கிவாழ்ந்தோருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். பிரிந்து வாழும் தாயிடம் வளரும் பிள்ளையும் அவருடைய பிள்ளையே. எனவே, தாய் காலந்தாழ்த்தாது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஆணையாளரிடம் முறையிடுதல் வேண்டும்.

படகு உடைந்ததற்காக வரும் பணத்தையும் சிந்திக்க வேண்டும். அதனை முழுதும் எடுத்துவிட்டால் மீனவர் மீண்டும் கடலுக்குச் செல்லுதல் எங்ஙனம்? அவர் தொழில் செய்தால்தானே அடுத்த மாதத் தாபரிப்பு வரும்? மருத்துவச் செலவுக்கான பணமும் அவ்வாறே காக்கப்பட வேண்டியது. ஆயினும், இவை நீங்கலாக மிஞ்சும் தொகையில் முதல் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை மறுப்பார் யார்? கடைக்காரரின் கடனும் நண்பரின் கடனும் காத்திருக்கலாம். பிள்ளையின் பசி காத்திராது.

எத்தொகை எடுக்கத்தக்கது, எத்தொகை விடத்தக்கது என்பதைச் சட்டமன்றமே வரையறுத்தல் வேண்டும். அதுவரை தாய்மார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கட்டளையின் பிரதியையும் வழக்கிலக்கத்தையும் பேணி, பணம் வராத மாதம் ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, நிலுவை மலைபோல் குவியுமுன் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். நட்டஈடோ காப்புறுதிப் பணமோ வரவிருப்பது தெரிந்தால், அது கைமாறுமுன் சட்டத்தரணி வாயிலாக நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவருதல் நன்று.