ஊறும் பாத்திரமும் ஊர்ப் பதிவேடும்

வேர் தேடும் புதுவை – 9

சென்ற வாரம் 1881 செப்டம்பர் 21 அன்று வெளிவந்த பிரெஞ்சு ஆணையைப் பார்த்தோம். மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுவைத் தமிழர்கள் அந்த ஆணையின்படி ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லப்போர்த்’ ஆனார். அந்தத் துறவுப் பத்திரத்தில்தான் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே நிற்கின்றன. அது கிடைத்தால் குடும்பத்தின் முந்தைய தலைமுறைகளுக்கு வழி திறக்கும். ஆனால் அதைத் தேடிக் கண்டெடுக்க எத்தனை பகல்கள் வேண்டும்? அந்தப் பகல்களில் வீட்டு வேலையை யார் செய்வது? வம்ச வரலாறு தேடுபவர் வீட்டில் பாத்திரம் ஊறிக் கிடப்பதும் துணி மடிக்காமல் குவிவதும் சின்ன விஷயமாகவே பேசப்படுகிறது. அது சின்ன விஷயமல்ல. அந்த வேலை யார் கைக்குப் போகிறதோ, அதைப் பொறுத்தே கிடைக்கும் வரலாறும் அமையும்.

முதலில் தேடலின் வேகத்தைப் பார்ப்போம். புதுவையில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் ‘எத்தா சிவில்’ என்ற குடிமைப் பதிவில் ஏறின. கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி வெர்சாய்க்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1776-இலேயே பதினாறாம் லூயி ஆணையிட்டிருந்தார். அதனால்தான் இங்கே செல்லரித்துப்போன பக்கத்தைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் தேட முடிகிறது. அங்குள்ள பழைய பதிவேடுகள் பல இன்று இணையத்திலும் படமாகக் கிடைக்கின்றன. இணையத்தில் இருப்பதால் வேலை எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பழங்காலக் கையெழுத்தில் பிரெஞ்சு மொழியில் எழுதிய பக்கங்கள் அவை. ஒரே முத்துசாமி ஒரு பதிவில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், அவர் மகன் திருமணப் பதிவில் வேறொன்றிலும் இருப்பார். குடும்பப் பெயர் இல்லாத காலத்தில் ஒரே தெருவில் நான்கு முத்துசாமிகள் இருந்திருப்பார்கள். தகப்பன் பெயர், தொழில், தெரு, சாட்சிகள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தே நம்மவர் யார் என்று முடிவுகட்ட வேண்டும். ஒரு தலைமுறை பின்னே போக ஒரு மாதம் ஆனால் வியப்பில்லை.

இவ்வளவு பொழுதைத் தின்னும் வேலையை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பார்க்க முடியாது என்பதற்குப் புதுவையே சான்று. ஊரார் ‘மேரி’ என்றழைத்த பழைய நகராட்சிக் கட்டடம் ஏறத்தாழ 140 ஆண்டுகள் கடற்கரையில் நின்றது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் பழைய வடிவிலேயே மறுபடி எழுப்பிவிட்டோம். மனித நினைவை அப்படி எழுப்ப முடியாது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனது ஏன் என்பதற்கான விடை எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அது அன்றைய வீட்டுப் பேச்சில் இருந்தது. அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அழுக்குத் துணி அடுத்த வாரமும் இருக்கும். அந்தப் பாட்டி இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடப் போவதில் தவறில்லை.

தள்ளிவைப்பது வேறு, அடுத்தவர் தலையில் தள்ளுவது வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். இந்தக் கணக்கை வம்சத் தேடலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குடும்பத் தலைவர் காப்பகத்துக்குப் போய்விட்டால் அவர் விட்டுச் சென்ற வேலை பெரும்பாலும் கிடப்பில் இருப்பதில்லை. மனைவியோ மகளோ மருமகளோ செய்து முடித்துவிடுகிறார். அதே மனைவி பதிவேட்டைப் புரட்ட உட்கார்ந்தால் பாத்திரம் அப்படியே கிடக்கும், வீடு அவரைக் கேள்வி கேட்கும். ஒரே தேடல் ஒருவருக்கு ஆராய்ச்சி, இன்னொருவருக்குப் பொறுப்பின்மை என்று பெயர் பெறுகிறது. யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவருடைய கேள்விகளே வரலாறாகின்றன.

இதன் விளைவை நம் வம்சாவளிகளில் காணலாம். தந்தை, மகன், பேரன் என்று நேர்கோட்டில் இறங்கும் மரத்தில் பெண்கள் கிளையாகக்கூட இருப்பதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பால் புதுவையின் அன்றாடம் உலகுக்குத் தெரிந்தது. அவருடைய மனைவி பெயர் மங்கத்தாய் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நாட்குறிப்பு வெளியுலகின் கண்ணில் பட்டதே 1846-இல்தான். எண்பத்தைந்து ஆண்டுகள் காகிதத்தைக் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது, கூட்டிப் பெருக்கி ஒழுங்காகப் பேணிய வீட்டுக்கே கூடும். எழுதியவர் பெயர் நிலைத்தது. வீட்டைப் பேணியவர்கள் பெயர் நிலைக்கவில்லை. குடிமைப் பதிவேடு இந்த ஓரவஞ்சனையைத் திருத்த வழி தருகிறது. பிறப்புப் பதிவில் தாயின் பெயர் உண்டு. திருமணப் பதிவில் மணமகளின் பெற்றோர் பெயர் உண்டு. தாய்வழியே ஏறிப் போகப் புதுவைக்காரருக்குப் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் நடக்க ஆள்தான் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். வீட்டு வேலை தேடலுக்கு இடையூறு மட்டுமல்ல, அதுவே ஒரு சான்று. சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் பலகாரம், அந்த வீட்டார் வியட்நாமில் வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும் முன் படையலில் என்ன வைப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கலிட எந்த ஊர் எல்லைக்குப் போவது என்பதை அறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. 1853-இல் ‘ஓரேலி’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை மர்த்தினிக் தீவுக்குக் கொண்டுபோனது. அப்படிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் உருக்குலைந்த ஓர் ஊர்ப் பெயரோடு இங்கே வரும்போது, காகிதம் நின்றுவிடும் இடத்தில் கைகொடுப்பது இத்தகைய அறிவுதான். காய் நறுக்க உட்காராதவர் காதில் அது விழாது.

செத்தவர்களைத் தேடுவதால் யாருக்குச் சோறு கிடைக்கும் என்பது ஒரு மறுப்பு. பிறப்புப் பதிவு ஒன்று கிடைக்காததால் வாரிசுரிமையும் குடியுரிமையும் சிக்கலாவது புதுவை அறிந்ததே. தேடல் உயிரோடிருப்பவர்களுக்கும் பயன்படும். வம்ச வரலாறு சாதிப் பெருமையில்தான் போய் முடியும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. பெருமை தேடிப் போனால் அப்படித்தான் முடியும். ஆனால் பதிவேடு பெருமைக்கு எழுதப்பட்டதல்ல. அதில் நெசவாளியும் கூலியும் வீட்டுப் பணியாளும் பெயரோடு இருக்கிறார்கள். நேர்மையாகப் படிப்பவருக்குத் தன் முன்னோர் எத்தனை விதமான உழைப்பால் வாழ்ந்தார்கள் என்பது புலப்படும். அதைக் கண்டவர் இன்று தன் வீட்டில் நடக்கும் உழைப்பைக் காணாமல் இருப்பது முறையல்ல.

ஆகவே தேடப் புறப்படும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளைத் தேடலுக்கென ஒதுக்குங்கள். அன்று வீட்டில் எந்த வேலை நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். நிற்கக் கூடாததை முறைவைத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் கணவர் காப்பகம் போனால் மறுவாரம் மனைவி போகட்டும். மரம் வரையும்போது ஒவ்வொரு தாயின் பெயரையும் அவருடைய தாயின் பெயரையும் எழுதுங்கள். பாத்திரம் ஒரு வேளை ஊறிக் கிடக்கலாம். அதை எப்போதும் ஒரே கை கழுவ வேண்டியதில்லை.

(தொடரும்)