புலி உங்களைப் பார்த்துவிட்டது!

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் கிணத்துக்கடவு இருக்கிறதல்லவா? அங்கே பொன்மலை வேலாயுதசுவாமியைத் தரிசித்துவிட்டுத் தெற்கே பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த காலை வேளையானால், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் நீலநிறமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் ஆனைமலை. யானை இருப்பது பெயரிலேயே தெரிகிறது. புலியும் இருக்கிறது. 2007-ம் ஆண்டில் அது புலிகள் காப்பகமாயிற்று.

பரீட்சை முடிந்ததும், "டாப்சிலிப் போகலாம், புலி பார்க்கலாம்" என்று குழந்தைகள் பிடுங்கி எடுப்பது கொங்கு நாட்டு வீடுகளில் சகஜம். போய் வந்த பெரியவர்களைக் கேட்டால், "என்னத்தைச் சொல்ல! நாலு மான், இரண்டு காட்டெருமை. புலியாவது, கிலியாவது!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். நீங்கள் புலியைப் பார்க்கவில்லை, சரி. புலி உங்களைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது?

புலி ஆராய்ச்சியே தொழிலாக உள்ளவர்களுக்குக்கூட அதன் நேர்முக தரிசனம் அபூர்வம்தான். பின் எப்படி எண்ணுகிறார்கள் என்கிறீர்களா?

முன்பெல்லாம் காலடித் தடத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரிஸ்ஸாவில் சரோஜ் ராஜ் சௌத்ரி என்ற வன அதிகாரி 1966-ல் வகுத்த முறை அது. 1972-ல் நாடு முழுவதும் அப்படி எண்ணி 1,827 புலிகள் என்றார்கள். ஆனால் சகோதரிகளே, ஈரத் தரையில் வைத்த காலும், மாவு சிந்திய இடத்தில் வைத்த காலும் ஒரே தடத்தையா காட்டுகின்றன? ஒரே புலி இரண்டு புலியாகிவிடும் அபாயம் அதில் இருந்தது. ராஜஸ்தானத்தில் சரிஸ்கா காட்டில் ஏட்டிலே புலிகள் இருந்துகொண்டே இருந்தன; 2005-ல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள்.

அதற்குள் வேறு ஒரு வழி பிறந்திருந்தது. புலியின் மேலுள்ள வரிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. அது மட்டுமா? ஒரே புலிக்கு இடப்பக்கம் ஒரு கோலம், வலப்பக்கம் வேறொரு கோலம்! ஆகையால் புலி நடக்கும் பாதையின் இரு பக்கமும் மரத்தில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு தானியங்கிக் காமிராக்களைக் கட்டிவிட்டு மனிதன் வீடு திரும்பிவிடுகிறான். உடல் சூடுள்ள பிராணி குறுக்கே போனால் காமிரா தானே படம் பிடித்துக்கொள்ளும். மயக்க ஊசி இல்லை, வலை இல்லை, கழுத்துப் பட்டை இல்லை. 1990-களில் கர்நாடகத்து நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த் இந்த முறையை ஒழுங்கான கணிதமாக்கினார். 2018-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாடெங்கும் 26,838 இடங்களில் காமிரா வைத்தார்கள். விழுந்த படங்கள் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மற்றவற்றை உட்கார்ந்து கழித்துக் கட்டியவர்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களுக்குத்தான் அது புரியும்.

தமிழ்நாட்டில் 2006-ல் 76 என்று மதிப்பிட்ட புலிகள் 2022-ல் 306 ஆயின.

காமிராவைவிட அதிகம் பேசுகிற சாட்சி ஒன்று உண்டு. சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். புலி, சிறுத்தையின் எச்சம்தான்! வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் அதிகம். குழந்தைகளை அது தூக்கிப்போன கொடுமையும் நடந்திருக்கிறது. அந்தத் தாய்மார்களிடம் போய் "சிறுத்தை நல்ல பிராணி" என்று யார் பேச முடியும்? ஆராய்ச்சியாளர்கள் தோட்டமெங்கும் எச்சத்தைப் பொறுக்கி, அதிலிருந்த ரோமத்தையும் எலும்பையும் சோதித்தார்கள். கேளையாடு, சருகுமான், கடமான், முள்ளம்பன்றி - இவைதாம் அதன் சாப்பாட்டில் மிகப் பெரும்பங்கு. ஆடு மாடு மிகச் சொற்பம். 2015-ல் இது வெளியாயிற்று. மனிதனைத் தேடி அது வருவதில்லை என்று தெரிந்தபின், செய்ய வேண்டியதும் துலங்குகிறது. லயன் வீடுகளைச் சுற்றிப் புதரை வெட்டுவது, விளக்குப் போடுவது, நாயையும் பன்றியையும் இழுக்கும் இறைச்சிக் கழிவை வெளியே கொட்டாதிருப்பது, அந்தி நேரத்தில் சிறு குழந்தையைத் தனியே விடாதிருப்பது. ஒரு சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிட்டால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். ஆகவே கூண்டு மட்டும் போதாது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வேடிக்கை என்றா சொன்னேன்? கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா, பாந்தவ்கர் காடுகளில் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களிலும் வராத மாதங்களிலும் புலி எச்சத்தைச் சேகரித்து, ஹைதராபாத் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். ஜீப்புகள் மொய்க்கும் காலத்தில், மனக்கலக்கத்தைக் காட்டும் சுரப்பு எச்சத்தில் கூடியிருந்தது. 2019-ல் வெளிவந்த முடிவு இது. நாம் வந்து போனது புலியின் வயிற்றிலேயே பதிவாகிறது! 2012-ல் சுப்ரீம் கோர்ட் புலிக்காட்டின் மையப் பகுதியில் சுற்றுலாவைச் சில மாதம் நிறுத்தி வைத்து, பிறகு விதிமுறைகளோடு அனுமதித்ததும் இத்தகைய கவலையால்தான்.

டாப்சிலிப்பில் வனத்துறை வேனில்தான் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். அதுவரைக்கும் நல்லது. உள்ளே போனபின் பாட்டு, கூச்சல், குரங்குக்கு முறுக்கு எல்லாம் வேண்டாம். வழிகாட்டியாக வருகிறவர் அந்த மலையிலேயே பிறந்த காடரோ மலசரோ ஆக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். மரப்பட்டையில் ஆளுயரத்துக்கு நகக் கீறல் காட்டுவார். ஓடைச் சேற்றில் உள்ளங்கையளவு தடம் காட்டுவார். திடீரென்று கருமந்தி கரகரவென்று கத்தும். புள்ளிமான் காலைத் தட்டிக் கூவும். காடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். குழந்தைகளும் இருப்பார்கள், பாருங்களேன்.

ஒன்று மட்டும்: கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் வழியை மூடிவிடுவார்கள். கட்டுச்சோறு கட்டுமுன் பொள்ளாச்சி வன அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துப் போங்கள்; பிளாஸ்டிக் பையைச் சேத்துமடைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.