டெட்வுட் நகரத்து இடுகாடு

ஓர் ஊரின் பழைமையை அறிய விரும்புவோர் அதன் கோட்டையையும் கோயிலையும் காணச் செல்வர். பொன்னாசையால் ஓராண்டிற்குள் எழுந்த ஊர்களுக்கோ இவ்விரண்டும் இல்லை. அவற்றின் சரித்திரத்தை இடுகாட்டிலேயே படித்தறிதல் வேண்டும். வட அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டாவிலுள்ள டெட்வுட் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நகரம் பிளாக் ஹில்ஸ் எனப்படும் கருங்குன்றுகளிடையே இடுக்கமானதொரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அக்குன்றுகள் லக்கோட்டா என்னும் பழங்குடியினருக்கே உரியவை என்று 1868-ம் ஆண்டு உடன்படிக்கையால் அமெரிக்க அரசாங்கத்தார் ஒப்புக்கொண்டிருந்தனர். 1874-ல் கஸ்டர் என்னும் படைத்தலைவருடன் சென்றோர் அங்குப் பொன் இருப்பதைக் கண்டனர். செய்தி பரவியதும் ஜனங்கள் உடன்படிக்கையை மீறித் திரண்டனர். 1876-ல் டெட்வுட் தோன்றிற்று.

வந்தவருட் பலர் பொன்னை வாரிக்கொண்டு திரும்ப எண்ணினரேயன்றி, அங்கு நிலைத்து வாழ எண்ணினாரல்லர். இறந்தோரை அருகிலிருந்த இங்கிள்சைட் என்னும் நிலத்திற் புதைத்தனர். 1876 ஆகஸ்டு 2-ம் தேதி சீட்டாடிக்கொண்டிருக்கையில் பின்னிருந்து சுடப்பட்டு மாண்ட வைல்ட் பில் ஹிக்காக் என்னும் பெயர்பெற்ற துப்பாக்கி வீரனும் அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டான்.

பின்பு குடிகள் பெருகினர். வீடுகளுக்கு நிலம் போதவில்லை. ஆகவே 1878-ம் ஆண்டளவில், நகருக்கு மேலுள்ள செங்குத்தான மலைச்சரிவில், மோரியா மலை என்னும் வேதாகமப் பெயரால் புதிய இடுகாடு வகுக்கப்பட்டது. ஹிக்காக்கின் உடலும் 1879-ல் அங்குக் கொண்டுபோகப்பட்டது. எனினும், அடையாளமிழந்த பிரேதங்கள் சில பழைய நிலத்திலேயே தங்கிவிட்டன. 2012-ம் ஆண்டிலுங்கூட, அங்குச் சுவரெழுப்ப மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. இறந்தோர்க்கு ஒழுங்கான இடம் வகுத்தல், இருப்போர் அவ்விடத்தைவிட்டு நீங்கக் கருதவில்லை என்பதற்கு அறிகுறி. மோரியா மலையை வகுத்தபோதே டெட்வுட் பாசறை என்னும் நிலை நீங்கி ஊராயிற்று எனலாம்.

இக்காலத்தில் அங்குச் செல்வோர் பெரும்பாலும் ஹிக்காக்கையும், 1903-ல் இறந்து அவனருகே அடக்கம்பண்ணப்பட்ட கலாமிட்டி ஜேன் என்பவளையுமே தேடுகின்றனர். ஆயினும் ஊரை உண்மையில் அறிவிப்பவை பிற கல்லறைகளே. சிறு குழந்தைகளுக்கென ஒரு பகுதி உண்டு. பெயர்க்கல் நாட்டுவாரற்ற ஏழைகளுக்கும் ஓரிடம் உண்டு. யூதருடைய கற்களில் எபிரேய எழுத்துக்கள் காணப்படுகின்றன.

சீனருடைய பகுதி பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கிறது. தம் எலும்புகள் பிறந்த மண்ணைச் சேர்ந்து, சந்ததியாரின் வழிபாட்டைப் பெறவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆதலின் புதைக்கப்பட்டோருட் பெரும்பாலோரின் எலும்புகள் பின்னர்த் தோண்டியெடுக்கப்பட்டுச் சீனதேசத்திற்கு அனுப்பப்பட்டன. உழைத்த ஊர் வேறு, உரிய ஊர் வேறு என்பதை அவ்வெறுங் குழிகள் உணர்த்துகின்றன.

லக்கோட்டா மக்களின் வழக்கையோ அக்கல்லெழுத்துக்களிற் காண்பதற்கில்லை. 1877-ல் ஒரு சட்டத்தால் அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது. 1980-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வட்டியுடன் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட ஈட்டுத்தொகை அவர்களுக்கு உரியதெனத் தீர்ப்பளித்தது. நிலம் விற்பனைக்குரியதன்று என்று கூறி, அவர்கள் அத்தொகையை ஏற்க மறுத்தனர்.

ஆதலின் இடுகாட்டைப் படிப்போர், கல்லில் உள்ள பெயர்களோடு நின்றுவிடலாகாது. தங்கினோர் யாவர், மீண்டோர் யாவர், யாருடைய மண்ணில் அக்கற்கள் நாட்டப்பட்டன என்னும் இவற்றையும் வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவுவார்க்கே ஓர் ஊரின் சரித்திரம் முழுமையாக விளங்கும்.