கணினி அறிவியல் படிக்க வேண்டுமா? முடிவு நான்காம் படிவத்திலேயே தொடங்குகிறது

“பிள்ளை எந்நேரமும் கணினியில்தான் இருக்கிறான், அதையே படிக்க வைக்கலாம்” என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆனால், கணினியைப் பயன்படுத்துவது வேறு. கணினி அறிவியல் படிப்பது வேறு.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்லக் கைப்பேசியில் வழி தேடுகிறோம். பல சாலைகளுள் விரைவான ஒன்றை அது நொடியில் காட்டுகிறது. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கு முறை இத்தகைய தேடலுக்கு அடிப்படைகளில் ஒன்று. இப்படிப்பட்ட முறைகளை உருவாக்குவதும், அவை சரியாகவும் விரைவாகவும் இயங்குமா என்று ஆராய்வதுமே கணினி அறிவியல். எனவே, முதல் ஆண்டிலேயே நிரல் எழுதுவதோடு கணிதமும் வந்துவிடும். பின்னர் தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு. இறுதியில் ஆய்வுத் திட்டம், தொழிலியல் பயிற்சி.

பலர் தடுமாறுவது நுழைவுத் தகுதியில்தான். எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் பெற்றிருப்பது இப்படிப்புக்கு முக்கியத் தகுதியாகக் கேட்கப்படுகிறது. அது இல்லாவிட்டாலும், கணிதத்திலும் ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடத்திலும் கிரெடிட் இருந்தால், தனிக் கணிதப் பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் வாய்ப்புகள் சுருங்கும்.

எஸ்பிஎம்முக்குப் பின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பவுண்டேஷன், டிப்ளோமா எனப் பல வழிகள் உள்ளன. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் எழுதுவது செலவு குறைந்த வழி. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கணினித் துறைப் படிப்புகள் உள்ளன. இவற்றுக்கு யுபியு வழி விண்ணப்பிக்க வேண்டும்.

தனியார் கல்லூரி என்றால், முன்பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் (எம்கியூஆர்) இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் போதாது. படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடனுதவி கிடைக்காது.

வீட்டில் கணினி இல்லாத தோட்டப்புறப் பிள்ளைகள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். நிரல் எழுதுவதைப் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கிறார்கள். கணிதத்தை மட்டும் அங்கே போய்ப் புதிதாகத் தொடங்க முடியாது.

மூன்றாம் படிவம் முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பாடத் தேர்வுத் தாளில் கையெழுத்திடும் முன் கூடுதல் கணிதம் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.