மஞ்சள், சிவப்பு, நீலம்: நடைப்பயணப் பாதைகளின் நிறங்கள் கூறுவது என்ன?

கோடை விடுமுறையில் பல குடும்பங்கள் மூன்று தலைமுறையினராக மலைப்பகுதிகளுக்குச் செல்கின்றன. கேபிள் காரிலிருந்து இறங்கியதும் இரண்டு வழிகாட்டிப் பலகைகள் எதிர்ப்படுவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே ஏரியைக் காட்டுகின்றன. ஒன்றில் 1 மணி 40 நிமிடம் எனவும், மற்றொன்றில் 1 மணி 10 நிமிடம் எனவும் எழுதப்பட்டுள்ளது. நேரம் குறைந்த பாதையே இலகுவானது என எண்ணுவது இயல்பு. ஆனால் அதுவே ஆபத்தான பாதையாகவும் இருக்கலாம். பலகையிலுள்ள நேரம் பாதையின் கடினத்தைக் கூறுவதில்லை. நிறமே அதனைக் கூறுகின்றது.

சுவிற்சர்லாந்தில் சுமார் 65,000 கிலோமீற்றர் நீளமான நடைப்பயணப் பாதைகள் உள்ளன. 1985ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி அவற்றைத் திட்டமிட்டுப் பேணுவதற்குக் கன்ரோன்கள் கடமைப்பட்டுள்ளன. நாடு முழுவதும் ஒரே அடையாள முறையே பின்பற்றப்படுகின்றது.

மஞ்சள் (வாண்டர்வேக்)
இப்பாதைகள் பெரும்பாலும் அகலமானவை. செங்குத்தான இடங்களில் படிகளும், விழக்கூடிய இடங்களில் தடுப்புகளும் அமைக்கப்பட்டிருக்கும். வழக்கமான கவனத்துக்கு அப்பால் சிறப்புத் திறன் எதுவும் தேவையில்லை. எனினும் மஞ்சள் பாதைகள் அனைத்தும் குழந்தை வண்டிக்கோ சக்கர நாற்காலிக்கோ ஏற்றவையல்ல.

வெள்ளை-சிவப்பு-வெள்ளை (பேர்க்வாண்டர்வேக்)
இவை மலைப்பாதைகள். பெரும்பாலும் செங்குத்தானவை, ஒடுங்கியவை; சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். மிகக் கடினமான இடங்களில் கயிறு அல்லது சங்கிலி பொருத்தப்பட்டிருக்கலாம். நடப்பவருக்கு உறுதியான கால்களும் நல்ல உடல்நிலையும் தேவை. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவருக்கு இவை ஏற்றவையல்ல. வழுக்காத அடியுள்ள உறுதியான சப்பாத்து, மழைக்கும் குளிருக்குமான உடை, வரைபடம் ஆகியவை அவசியம்.

வெள்ளை-நீலம்-வெள்ளை (அல்பின்வாண்டர்வேக்)
பனித்திடல், பனியாறு, கற்சரிவு ஆகியவற்றினூடாகவும், கைகளால் பற்றி ஏறவேண்டிய பாறைகளினூடாகவும் செல்பவை. சில இடங்களில் பாதையே இராது. பாதுகாப்பு அமைப்புகள் இருக்குமென எதிர்பார்க்கலாகாது. மலை அனுபவமும் உரிய உபகரணங்களும் உடையவர்களுக்கே இவை உரியன.

அடிக்கடி நேரும் மூன்று தவறுகள்
முதலாவது, பலகையின் நிறத்தை மட்டும் பார்ப்பது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதைகளின் பலகைகளும் மஞ்சள் நிறமானவையே. அம்புபோன்ற அவற்றின் முனையில் மட்டுமே சிவப்புப் பட்டை இருக்கும். ஆகவே முனையைப் பார்த்த பின்னரே நடக்கத் தொடங்க வேண்டும். நீலப் பாதைக்குரிய பலகை நீலமாக இருக்கும்.

இரண்டாவது, நேரத்தைத் தவறாகக் கணக்கிடுவது. சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 4.2 கிலோமீற்றர் என்ற வேகத்தை அடிப்படையாக வைத்து, ஏற்ற இறக்கங்களையும் கருத்திற்கொண்டு நேரம் கணிக்கப்படுகின்றது. ஓய்வும் உணவும் அதில் அடங்கா. முதியவரும் குழந்தைகளும் உடனிருந்தால் கூடுதல் நேரத்தை ஒதுக்கி, கடைசிக் கேபிள் காரின் நேரத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பருவநிலையை மறப்பது. நிறம் குறிக்கும் கடினம் நல்ல வானிலைக்கு உரியது. மழை, மூடுபனி, எஞ்சிய பனி ஆகியவற்றால் இலகுவான பாதையும் கடினமாகும். குளிர்காலப் பாதைகள் இளஞ்சிவப்புப் பலகைகளால் தனியே காட்டப்படுகின்றன.

பொறுப்பும் காப்புறுதியும்
பாதையைப் பேணுவது பொது நிறுவனங்களின் கடமை. தமக்கு ஏற்ற பாதையைத் தெரிவுசெய்வது நடப்பவரின் பொறுப்பு. குழுவில் மிகவும் வலுக்குறைந்தவருக்கு எது பொருந்துமோ அதுவே குழு முழுவதற்கும் உரிய பாதை. ஐயம் ஏற்படும் இடத்தில் திரும்பிவருவதில் இழுக்கு எதுவுமில்லை.

ஒரே தொழில்வழங்குநரிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ பணிபுரிபவர், ஓய்வுநேர விபத்துகளுக்கும் தொழில்வழங்குநர் ஊடாகக் காப்புறுதி பெற்றுள்ளார். ஏனையோர், குறிப்பாக இல்லத்தரசிகள், குழந்தைகள், ஓய்வூதியர் ஆகியோர், தமது மருத்துவக் காப்புறுதியில் விபத்துக் காப்பும் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவசர அழைப்பு
பொது அவசர இலக்கம் 112. அவசர மருத்துவ உதவி 144. ரேகா வான்மீட்புச் சேவை 1414; வலே கன்ரோனில் மட்டும் 144ஐ அழைக்க வேண்டும். இறுதியாகக் கடந்த வழிகாட்டிப் பலகையில் எழுதப்பட்டிருந்த இடப்பெயரைக் கூறினால் மீட்புப் பணியாளர் விரைவில் வந்தடைவர்.